ரெஷென் கணவாயிலிருந்து மெரான் வரை: ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கில் மூன்று நாள் சைக்கிள் பயணம்

எல்லாம் இறக்கம்தானே, மிதிக்கக்கூட வேண்டியிருக்காது என்று நினைத்துத்தான் முதல் முறை ஏமாந்தேன். காலையில் ரெஷென் கணவாயில் சைக்கிளில் உட்கார்ந்தவன், மாலை நான்கு மணிக்கு மெரான் நகரில் இறங்கினேன். கால் வலிக்கவில்லை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இரண்டு கை விரல்களும் மடங்க மறுத்தன. காப்பிக் கோப்பையை உள்ளங்கைகளால் ஏந்திக் குடித்தேன். வழியில் என்ன பார்த்தாய் என்று வீட்டில் கேட்டபோது, சைக்கிளின் முன் சக்கரத்தைத் தவிர எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த முறை அதே தூரத்தை மூன்று நாளாகப் பிரித்தேன். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது பயணத்தை வைத்து எழுதியது.

இடம் எது

இத்தாலியின் வடகோடியில், ஆஸ்திரியாவையும் சுவிட்சர்லாந்தையும் ஒட்டி இருக்கிறது தென் டிரோல். அதன் மேற்குப் பள்ளத்தாக்குக்கு ஜெர்மன் மொழியில் ஃபின்ஷ்காவ், இத்தாலிய மொழியில் வால் வெனோஸ்தா என்று பெயர். முதல் உலகப் போர் முடியும்வரை இது ஆஸ்திரியாவின் பகுதி. அதனால் இன்றும் இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டு மொழி பெரும்பாலும் ஜெர்மன்தான். வழிப் பலகைகளில் ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு பெயர் இருக்கும்: கிராவுன் என்றால் குரோன், மால்ஸ் என்றால் மாலெஸ், மெரான் என்றால் மெரானோ. வரைபடத்தில் ஒரு பெயரையும் பலகையில் இன்னொன்றையும் பார்த்து வழி தவறிவிட்டதாகப் பதறவேண்டாம்.

ரெஷென் கணவாய் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் அருகில்தான் எட்ஷ் ஆறு பிறக்கிறது. இத்தாலியர்களுக்கு அது ஆதிஜெ, அந்நாட்டின் இரண்டாவது நீளமான ஆறு. மெரான் 325 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆற்றை ஒட்டியே இறங்கும் சைக்கிள் பாதை, சுற்றிப் பார்க்கும் கிளைவழிகளைச் சேர்க்காமல் 80 கிலோமீட்டரும் கொஞ்சமும் வரும். பெரும்பகுதி தார் போட்ட தனிப் பாதை, கார்கள் வராது. ரோமானியர்கள் ஆல்ப்ஸைக் கடக்கப் போட்ட வியா கிளாவ்தியா ஆகுஸ்தா சாலையும் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போனது. பாதையின் பலகைகளில் அந்தப் பெயரையும் பார்ப்பீர்கள்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மே நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை போகலாம். என் ஓட்டு செப்டம்பருக்கு. ஆப்பிள் அறுவடை நடந்துகொண்டிருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பாதை நிறைய குழந்தைகளும் மின்சார சைக்கிள்களும்தான். ஏப்ரலில் கீழ்ப் பள்ளத்தாக்கு முழுக்க ஆப்பிள் பூ. ஆனால் மேலே ரெஷெனில் அப்போதும் பனி கிடக்கலாம்.

மழையைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். இரு பக்கமும் உயர்ந்த மலைகள் மேகத்தைத் தடுத்துவிடுவதால், ஆல்ப்ஸிலேயே வறண்ட பள்ளத்தாக்குகளில் இது ஒன்று. நடுப்பகுதியில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. பள்ளத்தாக்கின் வடபக்கம், தெற்கே பார்த்து வெயில் வாங்கும் சரிவு பழுப்பாகக் காய்ந்து கிடக்கும். எதிர்ச் சரிவில் அடர்ந்த காடு. நடுவே நாம்.

படி 2: விசாவும் போய்ச் சேரும் வழியும்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். விமானம் முனிக்கில் இறங்கினாலும், அதிக இரவுகள் தங்குவது இத்தாலியில் என்றால் விண்ணப்பிக்க வேண்டியது இத்தாலிக்குத்தான். தங்கும் முன்பதிவுகள் அதற்கு ஒத்துப்போக வேண்டும்.

முனிக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக ரயிலில் போல்ட்ஸானோ ஏறத்தாழ நான்கு மணி நேரம். அங்கிருந்து மெரான் முக்கால் மணி. மெரானிலிருந்து மால்ஸ் வரை 60 கிலோமீட்டர் பள்ளத்தாக்கு ரயில். 1906-ல் திறந்து, 1990 வாக்கில் மூடி, 2005-ல் மறுபடி ஓடத் தொடங்கிய பாதை இது. மின்மயமாக்கும் வேலைக்காக ரயிலை நிறுத்திப் பேருந்து விடும் காலங்கள் உண்டு. கிளம்பும் வாரத்தில் கால அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். மால்ஸிலிருந்து ரெஷெனுக்குப் பேருந்து இருக்கிறது. கோடையில் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும் வண்டிகள் உண்டு, ஆனால் இடம் குறைவு என்பதால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று. தங்கும் விடுதியில் விருந்தினர் அட்டை தருவார்களா என்று கேளுங்கள். பல விடுதிகளில் தருவார்கள். அதைக் காட்டினால் தென் டிரோல் முழுக்க ரயிலும் பேருந்தும் இலவசம். சைக்கிளுக்கு மட்டும் தனிச் சீட்டு.

படி 3: வண்டி

சொந்த சைக்கிளை விமானத்தில் கொண்டுவருவது இந்தத் தூரத்துக்குத் தேவையில்லாத வேலை. பள்ளத்தாக்கின் ரயில் நிலையங்களை ஒட்டி வாடகைக் கடைகள் இருக்கின்றன. ஒரு நிலையத்தில் எடுத்து வேறொரு நிலையத்தில் விட்டுவிடலாம், நம் பயணத்துக்கென்றே செய்த ஏற்பாடு மாதிரி.

கடையில் அவசரப்படாமல் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது பிரேக். டிஸ்க் பிரேக் கேளுங்கள். லீவரை முழு பலத்தோடு அழுத்தும்போது அது ஹேண்டில்பாரைத் தொட்டால் அந்த வண்டி வேண்டாம். இரண்டாவது டயர், 35 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலம் நல்லது, நடுவே சில இடங்களில் சரளைக்கல் வரும். மூன்றாவது, பின்னால் கேரியர். பையை முதுகில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் ஓட்டினால் நான்காம் நாள் முதுகு சொல்லும்.

இருக்கை உயரம்: குதிகாலை மிதியின் கீழ்நிலையில் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். கடைக்காரர் கண்ணளவில் வைத்துத் தருவார், நீங்கள் ஒருமுறை உட்கார்ந்து சரிபாருங்கள். மின்சார சைக்கிள் வேண்டுமா என்று கேட்பார்கள். மூட்டு வலி இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அதன் எடை இறக்கத்தில் பிரேக்குக்குக் கூடுதல் சுமைதான்.

படி 4: பையில் என்ன

எட்டு, பத்து கிலோவுக்குள் முடித்துவிடலாம். துணியை எல்லோரும் எடுத்துவைத்துவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன். மறந்துபோகிறவை இவை: முழுவிரல் கையுறை, காற்றுப் புகாத மெல்லிய மேல்சட்டை, ஒரு உதிரி டியூப், பம்ப், டயர் நெம்பி. ஆகஸ்டிலும் ரெஷெனில் காலை எட்டு மணிக்கு விரல் விறைக்கும். அதே நாள் மதியம் கீழே வியர்த்துக் கொட்டும். ஒரே நாளில் இரண்டு பருவம்.

ஒளிரும் மஞ்சள் சட்டை ஒன்றும் வேண்டும். இத்தாலியில் ஊருக்கு வெளியே இருட்டிய பிறகும், சுரங்கப் பாதைகளிலும் சைக்கிளில் போனால் அதை அணிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஏதாவது ஆபத்து என்றால் அழைக்கவேண்டிய எண் 112.

படி 5: முதல் நாள், ரெஷென் முதல் குளூர்ன்ஸ்

தூரம் முப்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் பயணத்தின் மிகக் கடினமான இறக்கம் இன்றுதான்.

ரெஷென் ஊரைத் தாண்டியதும் ஏரி. அதன் கிழக்குக் கரையில், கிராவுன் ஊரோரம், தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தேவாலயக் கோபுரம் மட்டும் நிமிர்ந்து நிற்கும். புகைப்படமாக எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கோபுரம் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மின்சாரத்துக்காக அணை கட்டி 1950-ல் நீரைத் தேக்கினார்கள். பழைய கிராவுன் முழுக்கவும் ரெஷெனில் ஒரு பகுதியும் மூழ்கின. 163 வீடுகள். ஊர்க்காரர்களின் எதிர்ப்பு எடுபடவில்லை. வீடுகளையும் தேவாலயத்தையும் இடித்தவர்கள், பழமையான சின்னம் என்பதால் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். குளிர்காலத்தில் அடியிலிருந்து மணிச்சத்தம் கேட்கும் என்று சொல்வார்கள். மணிகளைத் தண்ணீர் விடும் முன்பே கழற்றிவிட்டார்கள். 2021-ல் பராமரிப்புக்காக நீர்மட்டத்தை இறக்கியபோது, பழைய வீடுகளின் படிக்கட்டுகளும் சுவர் அடித்தளங்களும் சேற்றுக்கு வெளியே தெரிந்தன.

படம் எடுக்க எல்லோரும் கார் நிறுத்தும் இடத்தில்தான் நிற்பார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரையோரம் கொஞ்சம் தெற்கே நடந்துபோனால் சத்தம் குறையும். காற்றடிக்கும் நாளில் அலை கோபுரச் சுவரில் மோதுவது படகில் தட்டுவது போலக் கேட்கும்.

ஏரியும் அணையும் முடிந்ததும் சங்க்ட் வாலெண்டின், அடுத்து ஹைடர் என்ற சின்ன ஏரி. அதன் முடிவில் சைக்கிளை நிறுத்துங்கள். கண்டிப்பாக. மேல்சட்டை, கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு பிரேக்கையும் நின்ற இடத்திலேயே சோதித்துவிட்டு அப்புறம் இறங்குங்கள்.

இங்கிருந்து பூர்கைஸ் கிராமம்வரை சுமார் 250 மீட்டர் உயரம் இறங்குகிறோம். நீங்கள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்தால், இந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க உள்ளங்கை அளவு இரும்புத் தட்டு இரண்டில் சூடாக இறங்கும். பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே போனால் தட்டுக்கு ஆற நேரமே கிடைக்காது. முதல் முறை நான் செய்த தப்பு அதுதான். பாதி வழியில் கருகல் வாசனை வந்தது, லீவர் பஞ்சு மாதிரி அமுங்கியது.

சரியான முறை இது. நேர்வழியில் வண்டியைக் கொஞ்சம் ஓடவிடுங்கள். வளைவுக்கு முன், வண்டி நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் விட்டுவிடுங்கள். வளைவில் இருக்கும்போது முன் பிரேக்கை இழுத்தால் சக்கரம் வழுக்கும். திரும்பும் பக்கத்து மிதி மேலே, மறுபக்கத்து மிதி கீழே. பார்வை சக்கரத்தில் வேண்டாம், வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். கண் போகும் இடத்துக்குத்தான் வண்டியும் போகும். இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று கைகளை உதறிக்கொள்ளுங்கள். பிரேக் தட்டைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும்.

பூர்கைஸுக்கு மேலே, மலையில் ஒட்டவைத்தது போல வெள்ளையாக ஒரு மடம் தெரியும். மாரியென்பெர்க், 12-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் பெனடிக்டைன் துறவிகள் மடம். 1,340 மீட்டர் உயரம். சைக்கிளை ஊரில் பூட்டிவிட்டு நடந்து ஏறுங்கள்.

இறங்கி வரும் சரிவு முழுக்கப் புல்வெளி. இது மால்ஸ் ஹைடே, மலையிலிருந்து சரிந்து வந்த மண்ணும் கல்லும் விசிறி போல விரிந்து உண்டான பெரிய மேடு. கணவாயிலிருந்து வரும் காற்று இங்கே பலமாக அடிக்கும். பக்கவாட்டில் தள்ளினால் ஹேண்டில்பாரை இறுக்காமல் முழங்கையைத் தளர்த்திப் பிடியுங்கள்.

மழை குறைந்த ஊரில் இவ்வளவு பச்சை எப்படி? மலை ஓடையிலிருந்து பல கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இவர்கள் மொழியில் வால். அதைக் காவல் காக்கிறவர் வாலர், நம் ஊரில் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டி செய்த அதே வேலை. வாய்க்காலில் ஒரு சின்ன மரச் சக்கரம் தண்ணீரில் சுழலும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுத்தி மணியைத் தட்டும். டங், டங் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் தண்ணீர் ஓடுகிறது. சத்தம் நின்றால் எங்கோ அடைத்துக்கொண்டது அல்லது உடைத்துக்கொண்டது. வாலர் தூக்கத்திலிருந்து எழுந்து மண்வெட்டியோடு ஓடுவார். சத்தத்துக்கு எழுந்திருக்கும் காவலைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன். இது சத்தம் நின்றால் எழுகிற காவல். வாய்க்கால் கரைகள் நடப்பவர்களுக்கானவை, சைக்கிளில் ஏறாதீர்கள்.

மால்ஸில் சங்க்ட் பெனெடிக்ட் என்ற சின்னத் தேவாலயத்தில் கி.பி. 800-ஐ ஒட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. இரவு தங்க குளூர்ன்ஸ். ஏறத்தாழ 900 பேர் வசிக்கும் ஊர், ஆனால் சட்டப்படி நகரம். 1499-ல் நடந்த போரில் சூறையாடப்பட்ட பிறகு கட்டிய மதில் இன்றும் முழுமையாக ஊரைச் சுற்றி நிற்கிறது. மதிலுக்குள் அறை குறைவு, முதலில் பதிவு செய்யவேண்டியது இங்கேதான்.

படி 6: சாப்பாடும் தண்ணீரும்

கிராமத்து மரத்தொட்டிகளிலும் கல்தொட்டிகளிலும் விழும் தண்ணீர் குடிக்கலாம். 'கைன் ட்ரிங்க்வாசர்' என்று பலகை இருந்தால் மட்டும் வேண்டாம். கிராமத்துக் கடைகள் நண்பகலில் மூடி மூன்று மணிவாக்கில்தான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம். மதியச் சாப்பாட்டைப் பத்து, பதினொரு மணிக்கே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கவேண்டியது ஊர் ரொட்டி. இரண்டு தட்டையான கம்புரொட்டிகள் ஒட்டிக்கொண்டு எட்டு வடிவத்தில் இருக்கும், பெயர் பார்ல், ஜோடி என்று பொருள். (கம்பு என்றால் நம் கம்பு இல்லை, ரை என்ற தானியம். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.) பிட்டதும் மூக்கில் ஏறும் வாசனை பழக்கமானதாக இருக்கும். யோசித்துப் பார்த்தால் வெந்தயம். நீல வெந்தயம் என்ற ஒரு செடியை உலர்த்திப் பொடித்து மாவில் சேர்க்கிறார்கள்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஷ்பெக் என்னும் புகையூட்டிய பன்றி இறைச்சி இங்கே கறிவேப்பிலை மாதிரி, கேட்காமலே விழும். 'ஓனே ஃப்ளைஷ், ஓனே ஷ்பெக்' (இறைச்சியும் ஷ்பெக்கும் வேண்டாம்) என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்த பிறைவடிவ ஷ்லுட்ஸ்கிராப்ஃபென் பாதுகாப்பான தேர்வு, முட்டை சேர்ந்திருக்கும். சூப்பில் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு.

படி 7: இரண்டாம் நாள், குளூர்ன்ஸ் முதல் காஸ்டல்பெல்

நாற்பது கிலோமீட்டருக்குள், மெல்லிய இறக்கம். காலையிலேயே கிளம்புங்கள். வெயில் ஏறச் சரிவுகள் சூடாகி, மதியத்துக்கு மேல் காற்று பள்ளத்தாக்கின் கீழிருந்து மேலே வீசத் தொடங்கலாம். இறக்கத்திலும் மிதிக்கவேண்டி வரும்.

பிராட் ஊரருகே வலப்புறம் ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலை பிரியும். 48 கொண்டை ஊசி வளைவுகள், 2,757 மீட்டர் உயரம். பையோடு வாடகை சைக்கிளில் அதை முயல வேண்டாம். அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கிப் பாரமில்லாமல் வாருங்கள்.

லாஸ் ஊரில் நடைபாதைக் கற்களைக் கவனியுங்கள். வெள்ளைப் பளிங்கு. ஊருக்கு மேலே மலைக்குள் பளிங்குச் சுரங்கங்கள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் கல்லறைச் சிலுவைகள் பல்லாயிரம் இந்தக் கல்லில் செய்தவை. நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்து ரயில் நிலையத்தின் தரையும் இதுதான். மழை நாளில் ஊருக்குள் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், நனைந்த பளிங்கில் டயர் நிற்காது.

லாஸிலிருந்து ஆப்பிள் தோட்டம்தான், மெரான்வரை. கம்பியில் கட்டிய மரங்கள், மேலே ஆலங்கட்டி மழைக்கு வலை. பழம் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும். பறிக்காதீர்கள். பக்கத்திலேயே உண்டியல் வைத்த பெட்டிக் கடைகள் பல இடத்தில் உண்டு. காசைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். அறுவடைக் காலத்தில் டிராக்டருக்கே முதல் உரிமை, ஓரமாக நின்று வழிவிடுங்கள். மருந்தடிக்கும் வண்டியைப் பார்த்தால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். இந்த மருந்து இங்கே சாதாரண விவகாரம் இல்லை. 2014-ல் மால்ஸ் மக்கள் பூச்சிக்கொல்லி வேண்டாம் என்று வாக்கெடுப்பு நடத்தி, முக்கால்வாசிப் பேர் ஆதரித்து, விஷயம் நீதிமன்றம்வரை போனது.

படி 8: மூன்றாம் நாள், மெரானுக்கு

காஸ்டல்பெல்லில் ஆற்றோரப் பாறைமேல் கோட்டை. கொஞ்சம் தள்ளி ஷ்டாபென் ஊருக்கு மேலே யுவால் கோட்டை. ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்ட் ஏறிய ரைன்ஹோல்ட் மெஸ்னர் வாங்கிச் சீரமைத்தது, உள்ளே மலை அருங்காட்சியகம் இருக்கிறது. கோடை நடுவில் மூடியிருக்கும் என்பதால் முன்பே விசாரியுங்கள்.

நாட்டுர்ன்ஸில் சங்க்ட் ப்ரோகுலுஸ் தேவாலயத்துக்கு அரை மணி ஒதுக்குங்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஓவியத்தில் ஒருவர் ஊஞ்சலில் ஆடுவதுபோல உட்கார்ந்திருக்கிறார். மதிலிலிருந்து கயிற்றில் இறங்கித் தப்பும் புனித ப்ரோகுலுஸ் என்கிறார்கள். எனக்கு அவர் ஊஞ்சலாடுகிறார், அவ்வளவுதான்.

டொல் என்ற இடத்தில் பள்ளத்தாக்கு திடீரென்று படி இறங்கும். 180 மீட்டர்போல உயரத்தை வளைந்து வளைந்து இறக்கும் பாதை. முதல் நாள் பழகிய பிரேக் பாடம் இங்கே கைகொடுக்கும். வளைவுகளில் எதிரே குழந்தைகள் வருவார்கள், இடப்பக்கம் போய்விடாதீர்கள். நம் கைப்பழக்கம் களைப்பில்தான் எட்டிப் பார்க்கும்.

மெரானில் பாஸர் ஆற்றங்கரை நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போங்கள். வண்டியை ரயில் நிலையத்தில் விடும் முன் பைகளின் வெளிப்பக்க அறைகளை ஒருமுறை தடவிப் பாருங்கள், என் கைபேசிச் சார்ஜர் அப்படித்தான் போனது. இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் போல்ட்ஸானோவரை முப்பது கிலோமீட்டர் சமதளம், சைக்கிளிலேயே போகலாம். 1991-ல் இந்த மலைகளின் பனிப்பாறையில் கிடைத்த, ஐயாயிரம் ஆண்டு பழைய ஏட்ஸி என்ற மனிதர் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறார். பெரும்பாலான மாதங்களில் அதற்குத் திங்கட்கிழமை விடுமுறை, ரெஷெனில் கிளம்பும் நாளை அதிலிருந்து பின்னோக்கி எண்ணி வையுங்கள்.